அரசருக்குப் பக்கத்தில் நின்றவர்கள்: டெல்லி நாட்குறிப்பு

சனிக்கிழமை, மெஹ்ரௌலி

குதுப் மினார் வளாகத்துக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். நான் தேடிப் போனது மினாருக்குத் தெற்கே நிற்கும் அலாய் தர்வாசாவை. அலாவுதீன் கில்ஜி கட்டிய நுழைவாயில் அது. செம்மணற்கல்லில் வெள்ளைப் பளிங்கைப் பதித்து, சுவர் முழுக்கக் கைவேலை. கட்டிய ஆண்டு 1311. மதுரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்த ஆண்டு வேறொரு கணக்கு. அந்த ஆண்டில்தான் அலாவுதீனின் தளபதி மாலிக் காஃபூர் படையோடு மதுரைக்குள் நுழைந்தார். இங்கே வாசல் எழும்பிய அதே காலத்தில் அங்கே எங்கள் ஊர் காலியாகிக்கொண்டிருந்தது.

காஃபூர் 1299-ல் குஜராத் படையெடுப்பின்போது கம்பாத் துறைமுகத்தில் பிடிபட்ட அடிமை. ஆண்மை நீக்கப்பட்டவர். ஆயிரம் தினார் விலை என்பதால் அந்தத் தொகையே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. அரண்மனைப் பணியாளாக உள்ளே போனவர் சில ஆண்டுகளிலேயே தென்னகம் முழுவதையும் கலக்கும் தளபதியாக வெளியே வந்தார். மதுரைப் பக்கத்திலிருந்து 512 யானைகளைக் கொண்டுவந்தார் என்று அந்தக் காலக் கவிஞர் அமீர் குஸ்ரு எழுதுகிறார். வரலாற்றாசிரியர் பரணியோ 612 என்கிறார்.

"யானையை எண்ணுவதிலேயே நூறு வித்தியாசம் வந்தால், ஆளைப் பற்றி எழுதியதில் எவ்வளவு வந்திருக்கும்?" என்றார் சித்தப்பா.

சித்தப்பா ஆர்.கே.புரத்தில் இருக்கிறார். கும்பகோணத்தில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டு, எழுபதுகளில் ரயிலேறி வந்த தமிழர்களில் ஒருவர். ஒரு அமைச்சகத்தில் பெரிய அதிகாரிகளின் தனிச் செயலராக இருந்தே ஓய்வு பெற்றார். இந்தப் பயணத்தில் அரசர்களை விட்டுவிட்டு, அவர்களுக்குத் தண்ணீர் ஊற்றியவர், பால் கொடுத்தவர், முடி வெட்டியவர், வாசலில் நின்றவர் இவர்களின் தடயங்களைத்தான் பார்க்கப்போகிறேன் என்று போனில் சொன்னதுமே, "அப்படியென்றால் நானும் வருகிறேன், அம்மா. அது என் இலாகா" என்றுவிட்டார்.

காஃபூரின் முடிவு இங்கிருந்து தொலைவில் இல்லாத சிரி கோட்டையில் நடந்தது. 1316-ல் அலாவுதீன் இறந்ததும் ஒரு குழந்தையை அரியணையில் உட்கார வைத்துவிட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் காஃபூரே ஆண்டார். மூத்த இளவரசரின் கண்களைப் பறித்தார். இன்னொரு இளவரசரான முபாரக்கின் கண்களையும் பறிக்க அரண்மனைக் காலாட்களை அனுப்பினார். முபாரக் தன் தந்தையின் உப்பை அவர்களுக்கு நினைவூட்டி, கழுத்திலிருந்த நகையையும் கழற்றிக் கொடுத்தார் என்பார்கள். போனவர்கள் திரும்பி வந்து காஃபூரையே வெட்டினார்கள். பணியாளாக இருந்து உயர்ந்தவரை முடித்துவைத்தவர்களும் பணியாளர்களே.

காஃபூர் எங்கள் ஊருக்குச் செய்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனால் பரணி அவரைத் திட்டும் இடங்களில் கொள்ளையும் கொலையும் மட்டும் குற்றப்பட்டியலில் இல்லை. வாங்கப்பட்ட ஒருவன், அதுவும் ஆண்மை நீக்கப்பட்ட ஒருவன், குலப்பெருமை உள்ளவர்களுக்கு மேலே உட்கார்ந்தான் என்பதும் சேர்ந்தே எரிகிறது. பரணி அந்தக் குலப்பெருமைக்காரர்களில் ஒருவர்.

அங்கிருந்து தொல்லியல் பூங்காவுக்குள் நடந்தால் பால்பனின் சமாதி. கூரை போய்விட்டது. வளைவுகளும் தடித்த கற்சுவர்களும் மிச்சம். பால்பனும் விலைக்கு வாங்கப்பட்டவர்தான். சுல்தான் இல்துத்மிஷின் நேர்முகப் பணியாளாகத் தொடங்கி, வேட்டை அதிகாரியாகி, படிப்படியாக ஏறிக் கடைசியில் சுல்தானானவர். அரசனானதும் சபையில் சிரிப்பை ஒழித்தார். உருவிய வாளோடு மெய்க்காப்பாளர்கள் முன்னே நடக்காமல் வெளியே கிளம்பமாட்டார். அவருடைய அந்தரங்கப் பணியாளர்கள்கூட அவரைத் தொப்பியும் காலுறையும் இல்லாமல் பார்த்ததில்லை என்கிறார் பரணி. இதைப் படித்தவர்கள் பால்பனின் இராஜ கம்பீரம் என்று எழுதிப்போவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எசமானனைத் தொப்பியில்லாமல் பார்த்த பணியாளின் மனதில் என்ன ஓடும் என்பது பால்பனுக்கு நன்றாகவே தெரியும். அவரே அந்த இடத்தில் நின்றவர்.

நம் பக்கத்திலும் இப்படி ஏறியவர்கள் உண்டு. தஞ்சையில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிவைத்த செவ்வப்ப நாயக்கர், விஜயநகரத்து அச்சுதராயருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்த அடைப்பக்காரர் என்பார்கள். தாம்பூலம் தருகிறவன் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் அரசனின் உயிரே அடங்கியிருந்தது.

மதியத்துக்கு மேல் ஆதம் கான் சமாதி. மெஹ்ரௌலி பஸ் நிலையத்துக்கு எதிரே, மேட்டின்மேல், எட்டுப்பட்டையாக நிற்கிறது. சுவருக்குள் வழி சுற்றிச் சுற்றிப் போவதால் ஊர்க்காரர்கள் பூல் புலையா என்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் ஒருவர் இதில் குடியிருந்தார், பிறகு காவல் நிலையமாகவும் ஓய்வு விடுதியாகவும் இருந்தது. இப்போது படிக்கட்டில் பள்ளிப் பையன்கள் உட்கார்ந்து செல்பேசி பார்க்கிறார்கள்.

ஆதம் கான் அக்பரின் வளர்ப்புத்தாய் மாஹம் அங்காவின் மகன். அக்பருக்குப் பால் கொடுத்த இன்னொரு பெண் ஜீஜீ அங்கா. அவருடைய கணவர் ஷம்சுதீன் அத்கா கான் 1561-ல் முதலமைச்சர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். இரண்டு செவிலிக் குடும்பங்களுக்கு நடுவே புகைச்சல். 1562 மே மாதம் ஆக்ரா கோட்டையில், அலுவல் பார்த்துக்கொண்டிருந்த அத்கா கானை ஆதமின் ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். பிறகு ஆதம் வாளோடு, அக்பர் உறங்கிக்கொண்டிருந்த அந்தப்புரத்தை நோக்கி மேலே ஏறினார்.

வாசலில் நின்றவர் நியாமத் என்ற அந்தப்புரக் காவலர். ஆண்மை நீக்கப்பட்டு, குவாஜாசராக்கள் என்ற பெயரில் அந்தப்புரங்களைக் காத்தவர்களில் ஒருவர். அவர் சட்டென்று கதவைச் சாத்தித் தாழிட்டார். ஆதம் மிரட்டியும் திறக்கவில்லை. அந்தச் சிறிது நேரத்தில் அக்பர் விழித்து, வேறு வழியாக வெளியே வந்து, ஆதமின் முகத்தில் ஒரே குத்தில் வீழ்த்தினார். மேல்தளத்திலிருந்து கீழே தள்ளச் சொன்னார். முதல் முறை தள்ளியவர்கள் தயங்கித் தள்ளியதால் உயிர் போகவில்லை. மறுபடி தூக்கி வந்து தலைகீழாகப் போட்டார்கள். அக்பருக்கு அப்போது வயது 19. அவரே போய் மாஹமிடம் செய்தியைச் சொன்னார். "நல்லது செய்தீர்கள்" என்றாராம் அந்தத் தாய். நாற்பதாம் நாள் அவரும் இறந்தார். மகனுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

கொலைகாரனுக்கும் தாய்க்கும் அரசன் செலவில் இவ்வளவு பெரிய சமாதி. கதவைத் தாழிட்டவருக்கு எங்கும் ஒரு கல்லையும் நான் கேள்விப்பட்டதில்லை. எங்கள் ஊர்க் கதையில் கண்ணகி பாண்டியனிடம் பேசும் முன் வாயில்காப்போனிடம்தான் பேசினாள். அவன்தான் நடுங்கிக்கொண்டு உள்ளே ஓடி, இப்படியொருத்தி வந்திருக்கிறாள் என்று சொன்னான். அவனுக்குப் பெயரே இல்லை. நியாமத்துக்குப் பெயராவது மிஞ்சியது.

கடைவீதிக்குள் நுழைந்து விசாரித்துப் போனால் ஹிஜ்ரோன் கா கான்கா, அதாவது திருநங்கையரின் மடம். கடைகளுக்கு இடையே ஒரு சிறு கதவு, நாலைந்து படி, மேலே திறந்த முற்றம். லோதி காலத்தைச் சேர்ந்தது. வெள்ளையடித்த சமாதிகள் ஐம்பது அளவில் நெருக்கமாக இருக்கின்றன. துர்க்மான் கேட்டைச் சேர்ந்த திருநங்கையர் சமூகம் இதைப் பராமரிக்கிறது. தரையில் ஒரு சருகு கிடையாது. பெரிய சமாதிகளில் பாதிக்கு இந்தச் சுத்தம் இல்லை. திருநங்கையரையும் அரண்மனைக் குவாஜாசராக்களையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. குவாஜாசராக்கள் பெரும்பாலும் சிறுவயதில் விற்கப்பட்டு, வெட்டப்பட்டவர்கள். ஆனாலும் ஊர் வாய் இரண்டு பேரையும் ஒரே ஏச்சுக்குள் அடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை, மதுரா சாலையும் நிஜாமுதீனும்

காலையில் மலை மந்திரில் சுவாமிநாதனைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். படியிறங்கும்போதே சித்தப்பாவுக்குத் தெரிந்தவர்கள் நான்கு பேர். எல்லோரும் யாருக்கோ செயலராக இருந்தவர்கள். பேச்சில் இன்னமும் "என் அதிகாரி" என்றே வருகிறது.

பழைய கோட்டைக்கு எதிரே சாலையோரத்தில் கைருல் மனாசில் பள்ளிவாசல். 1561-62-ல் மாஹம் அங்கா கட்டியது. கூடவே மாணவர்கள் தங்கிப் படிக்க இரண்டு அடுக்கு அறைகள். செம்மணற்கல் வாசலில் நுழைந்ததும் போக்குவரத்து இரைச்சல் பாதியாகிவிடுகிறது. நடு வளைவின்மேல் பாரசீகக் கல்வெட்டில் மாஹமின் பெயர் இருக்கிறது. ஒரு செவிலித்தாய் தன் பெயரைக் கல்லில் வெட்டி, கோட்டைக்கு நேர் எதிரே வைத்திருக்கிறார். அவர் செல்வாக்கோடு இருந்த இரண்டு ஆண்டுகளைப் பாவாடை ஆட்சி என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் இகழ்ந்தார்கள். இளம் அக்பரின் காப்பாளராக இருந்து ஆண்ட பைராம் கானை 1560-ல் விலக்கியதில் மாஹமின் கை இருந்தது உண்மை. அதே காரியத்தை ஓர் அமீர், அதாவது அரசவைப் பிரபு, செய்திருந்தால் இராஜதந்திரம் என்று எழுதியிருப்பார்கள்.

1564-ல் இந்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்துதான் அக்பர்மேல் ஒருவன் அம்பெய்தான். தோளில் காயம், பிழைத்துக்கொண்டார்.

பிற்பகல் நிஜாமுதீன் பஸ்தி. கபாப் புகைக்கும் ரோஜாப்பூத் தட்டுகளுக்கும் நடுவே, தர்காவுக்குப் பக்கத்தில் அத்கா கானின் சமாதி. சிறியதுதான். ஆனால் செம்மணற்கல்லும் வெண்பளிங்கும் கலந்த அந்தச் சுவரைப் பார்த்தபின் ஆதம் கானின் மொட்டைச் சுவர் ஞாபகத்தில் நிற்கவில்லை. 1566-67-ல் மகன் மிர்ஸா அஜீஸ் கோகா கட்டியது. அத்கா கான் 1540-ல் கன்னோஜ் தோல்வியின்போது கங்கையில் தத்தளித்த அக்பரின் தந்தை ஹுமாயூனைக் கரையேற்றிய சாதாரணப் போர்வீரர். அந்த நன்றிக்குத்தான் அவர் மனைவிக்கு அக்பரின் செவிலி வேலை கிடைத்தது.

அக்பரோடு ஒரே பால் குடித்த அஜீஸ் கோகா வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர். எத்தனையோ முறை அக்பரை எதிர்த்துப் பேசியும் தலை தப்பியது. தனக்கும் அஜீஸுக்கும் நடுவே பாலாறு ஒன்று ஓடுகிறது, அதைக் கடக்கத் தன்னால் முடியாது என்பாராம் அக்பர். அஜீஸின் கல்லறை சற்றுத் தள்ளி, சௌன்சட் கம்பாவில். 64 பளிங்குத் தூண்கள், வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி. நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா தூண்களை எண்ணிச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை, துர்க்மான் கேட்

செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை. புல்புலி கானா சந்துகளில் ரஸியா சுல்தானின் கல்லறை என்று சொல்லப்படும் இடத்துக்குப் போனோம். வீடுகளின் முதுகுகள் சூழ்ந்த ஒரு துண்டு வெளி. கூரையில்லாத இரண்டு கல் மேடைகள்.

ரஸியாவின் குதிரை லாயத் தலைவர் ஜமாலுதீன் யாகூத் ஓர் அபிசீனியர். அந்தப் பதவியில் துருக்கிய அமீர்கள்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஊறிப்போன சபை. 1240-ல் கலகம் மூண்டது, யாகூத்தைக் கொன்றார்கள். அந்தக் காலத்திலேயே வாழ்ந்த வரலாற்றாசிரியர் மின்ஹாஜ், யாகூத்துக்கு அரசியிடம் நெருக்கம் கிடைத்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நூறாண்டு கழித்து, 1350-ல் எழுதிய இசாமியோ, அரசியின் கையைப் பிடித்துக் குதிரையில் ஏற்றினான் என்று கண்ணால் கண்டதுபோல் எழுதுகிறார். பின்னால் வந்தவர்கள் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள். குதிரையேற உதவுவது லாயத் தலைவனின் வேலை. வேலையைச் செய்தவனுக்கு இப்படியொரு பெயர்.

வெளியே வந்து ஷீர்மால் ரொட்டி வாங்கினோம். இனிப்பு அதிகம்.

செவ்வாய்க்கிழமை, செங்கோட்டை

லாகூர் வாசல் வழியே சத்தா சௌக் கடைகளைத் தாண்டினால் நௌபத் கானா என்ற வாத்திய மண்டபம். அரச குடும்பத்தார் தவிர மற்ற அனைவரும் இங்கே யானையையோ குதிரையையோ விட்டு இறங்கி நடக்க வேண்டும். மேல்மாடத்தில் ஒரு நாளைக்கு ஐந்து வேளை வாத்தியம் முழங்கும். அடுத்தது திவானே ஆம் என்ற பொதுச் சபை மண்டபம். ஔரங்கசீப் காலத்தில் டெல்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், அரியணையைச் சுற்றிக் குவாஜாசராக்கள் மயில்தோகையால் ஈ ஓட்டியதையும், பெரிய விசிறிகளால் காற்று வீசியதையும் எழுதியிருக்கிறார். அமீர்கள் வெள்ளிக் கம்பிக்கு உட்புறம் கைகட்டி, தரை பார்த்து நின்றார்கள். அதாவது அத்தனை பேரிலும் பேரரசரின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தவர்கள் ஈ ஓட்டியவர்கள்தான்.

"என்னிடமும் அப்படித்தான்" என்றார் சித்தப்பா. "அதிகாரியைப் பார்க்க வருகிறவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். ஐயா இன்றைக்கு எப்படி இருக்கிறார் என்று கேட்பார். காரியம் நடந்தால் அதிகாரி நல்லவர். நடக்காவிட்டால், வெளியே உட்கார்ந்திருக்கும் மதராஸி கெடுத்துவிட்டான்."

பெர்னியர் ஒருமுறை நோயுற்ற பெருமாட்டி ஒருவருக்கு வைத்தியம் பார்க்க அந்தப்புரத்துக்குள் போக நேர்ந்தது. தலையிலிருந்து பாதம்வரை காஷ்மீர் சால்வையால் மூடி, குருடனைப்போல ஒரு குவாஜாசரா கைபிடித்து அழைத்துப்போனார். இதோ இந்த ரங் மகாலில் அப்படியொருவர் தடவித் தடவி நடந்ததாக நினைத்துப் பார்த்தேன். அப்போது வழி தெரிந்த ஒரே ஆள், கையைப் பிடித்திருந்த அந்த அடிமை.

வெனிஸிலிருந்து வந்து கடைசியில் நம் சென்னையில் குடியேறிய மனூச்சி சொல்லும் சம்பவம் ஒன்று மனதை விட்டுப் போவதில்லை. ஆக்ராவில் ஷாஜகானைச் சிறைவைத்தபோது காவல் பொறுப்பு இதிபார் கான் என்ற குவாஜாசராவிடம் இருந்தது. வங்காளத்தில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரால் விற்கப்பட்டவர். மகன் பெரிய ஆளாகிவிட்டான் என்று கேள்விப்பட்டு, வயதான பெற்றோர் அவ்வளவு தூரம் நடந்து வந்தார்கள். அவரோ அவர்களைச் சவுக்கால் அடிக்க உத்தரவிட்டார். எந்த முகத்தோடு வந்தீர்கள், காசுக்கு விற்று என் வாழ்வின் இன்பத்தைப் பறித்தவர்கள் நீங்கள்தானே என்பது அவர் வாதம். மனூச்சி குறுக்கிட்டுக் கெஞ்சியபின் கொஞ்சம் பணம் கொடுத்து, இனி வரவே கூடாது என்று அனுப்பினார். கஞ்சன், கொடியவன் என்று இதிபார் கானைப் பற்றி எழுதும் மனூச்சியே இதையும் எழுதி வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

கோட்டையின் டெல்லி வாசலுக்கு வெளியே சுனேரி மசூதி. 1751-ல் ஜாவித் கான் கட்டியது. ஒரு காலத்தில் குவிமாடங்களுக்குச் செப்புத் தகடு போர்த்திப் பொன்முலாம் பூசியிருந்தார்கள். 1852-ல் கடைசிப் பேரரசர் பகதூர் ஷா அதை எடுத்துவிட்டு மணற்கல்லால் மூடினார்.

ஜாவித் கான் அந்தப்புரப் பணியாளர்களின் துணைக் கண்காணிப்பாளராக இருந்தவர். 1748-ல் அகமது ஷா பட்டத்துக்கு வந்ததும் நிர்வாகம் அவரிடமும் அரசரின் தாய் குத்சியா பேகத்திடமும் போயிற்று. பேகம் முன்னாளில் நடனப்பெண். ஜாவித்துக்கு நவாப் பகதூர் என்ற பட்டம் வேறு. இருவரையும் இணைத்து ஊரே பேசியது. அரண்மனைக் காவலர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி. ஒருநாள் அவர்கள் கோட்டை வாசலில் ஒரு கழுதைக்குட்டியையும் ஒரு பெட்டை நாயையும் கட்டிவைத்தார்கள். சபைக்கு வந்த பிரபுக்களை நிறுத்தி, "முதலில் இவர்களுக்குச் சலாம் வையுங்கள். இவர் நவாப் பகதூர், இவர் குத்சியா பேகம்" என்றார்கள்.

சம்பளம் வராதவன் கோபம் நியாயம். ஜாவித்தும் நல்ல நிர்வாகி அல்ல. ஆனால் கஜானாவைக் காலி செய்தது நாதிர் ஷாவின் 1739 கொள்ளையும், வருவாயைத் தங்களுக்கே வைத்துக்கொண்ட மாகாண ஆளுநர்களான சுபேதார்களும். பொறுப்பில்லாமல் பொழுதுபோக்கிய அரசர் உள்ளே உட்கார்ந்திருந்தார். கழுதையைக் கட்டியபோது அவருக்கு ஒரு பிராணியைக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை.

1752-ல் வஜீர் சஃப்தர்ஜங் ஜாவித்தை விருந்துக்கு அழைத்து, தனியே பேச வேண்டும் என்று உள்ளே கூட்டிப்போய்க் குத்திக் கொல்லச் செய்தார்.

புதன்கிழமை, ஹுமாயூன் சமாதி

வழியில் சஃப்தர்ஜங் சமாதியை வெளியிலிருந்தே பார்த்தோம். மேலே போர்த்திய பளிங்கு, பைராம் கானின் மகன் ரஹீமின் சமாதியிலிருந்து பிடுங்கியது. ஹுமாயூன் சமாதிக்குப் பக்கத்தில் இருக்கும் ரஹீம் சமாதி நெடுங்காலம் தோலுரித்த சுவராக நின்றது. சஃப்தர்ஜங் சமாதியின் கட்டட வேலையைக் கவனித்தவர் பிலால் முகமது கான் என்ற அபிசீனியர். விருந்தாளியைக் கொன்றவருக்கு இவ்வளவு பெரிய தோட்டம்.

ஹுமாயூனின் நந்தவனத்துக்குள், தென்கிழக்கு மூலையில், நாயி கா கும்பத். பேரரசரின் நாவிதருடையது என்பது வழிவழிச் செய்தி. உள்ளே இரண்டு கல்லறைகள், பெயர் இல்லை. ஒன்றின்மேல் 999 என்று ஹிஜ்ரி ஆண்டு மட்டும். நம் கணக்கில் 1590-91. இளவரசர்கள் பலர் பெரிய கட்டடத்தின் நிலவறைகளில் இடித்துக்கொண்டு கிடக்க, இந்தத் தோட்டத்துக்குள் தனிக் குவிமாடம் இது ஒன்றுதான். தினமும் கழுத்தில் கத்தி வைக்கிறவனிடம் அரசனுக்கு இருந்த நம்பிக்கை என்று அதைப் படிக்கத் தோன்றுகிறது. அந்தப் பெயர் இல்லாத கல்லுக்கு வேறு விளக்கங்களும் இருக்கலாம்.

தனக்குக் கீழே இருந்தவர்களிடம் ஹுமாயூனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே நன்றி இருந்தது. 1539-ல் சௌசாவில் தோற்று ஆற்றில் விழுந்தபோது, காற்றடைத்த தோல்பையைக் கொடுத்துக் காப்பாற்றிய நிஜாம் என்ற தண்ணீர்க்காரரை, வாக்குக் கொடுத்தபடி இரண்டு நாள் அரியணையில் உட்கார வைத்தார் என்று தங்கை குல்பதன் பேகம் எழுதுகிறார். தம்பி கம்ரானுக்கு இது பொறுக்கவில்லை.

எனக்கு எல்லோரிலும் பிடித்தவர் ஜௌஹர். பேரரசர் கைகழுவ நீர் வார்க்கும் செம்பு ஏந்தியவர். ஓடிய இடமெல்லாம் கூடவே ஓடினார். 1587 வாக்கில், வயதான காலத்தில், கண்டதைப் பாரசீகத்தில் எழுதி வைத்தார். 1542-ல் அக்பர் பிறந்த செய்தி வந்தபோது ஹுமாயூனிடம் பரிசளிக்க எதுவும் இல்லை. ஜௌஹரிடம் கொடுத்து வைத்திருந்த கஸ்தூரிப்பை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, பீங்கான் தட்டில் உடைத்து, கூட இருந்தவர்களுக்குப் பங்கிட்டார். அந்தத் தட்டை எடுத்து வைத்தவனுக்குத்தான் இப்படி எழுத வரும். மற்ற பணியாளர்களைப் பற்றி அவர்களின் எதிரிகள் எழுதினார்கள். இவர் தானே எழுதிக்கொண்டார்.

புல்தரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, "நீங்களும் எழுதலாமே, சித்தப்பா" என்றேன்.

"குறிப்புகள் இருக்கின்றன, எல்லாம் சுருக்கெழுத்தில்" என்றார். "ஆனால் அதில் வருகிற இரண்டு பேர் தினமும் காலையில் என்னோடு பூங்காவில் நடக்க வருகிறார்கள். அப்பளம் எடுத்துக்கொள்."